பூத்த கொல்லையில் கயிறு

சோற்றுக்கு ஆகாது, வியாபாரத்துக்கு ஆகாது, பறித்துத் தலையில் வைத்தால் வாசல் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். அப்படி ஒரு செடிக்கு அடுப்புச் சாம்பல் தூவி, புளித்த மோர் தெளித்து, பழைய சேலையில் பந்தலும் கட்டிக் காப்பாற்றிய பெண்பிள்ளை இந்தக் கொல்லிமலைத் திருப்புலி நாட்டிலேயே ஒருத்திதான். எங்கள் எதிர்வீட்டுக் கோகிலா.

விதை கொண்டுவந்தவன் அவள் புருஷன் பிரேம். அவனுக்குப் போர்வெல் லாரியில் வேலை. லாரி ஒரு தடவை வடக்கே பனிமலைப் பக்கம் போயிருந்தபோது ஏதோ கடைத்தெருவில் வாங்கினானாம். பெண்டாட்டிக்கு வளையல் வாங்கி வருகிறவனைப் பார்த்திருக்கிறேன், சேலை வாங்கி வருகிறவனைப் பார்த்திருக்கிறேன். இவன் ஒரு காகிதப் பாக்கெட்டை நீட்டினான். மேலே குட்டிக் குட்டியாய் நீலப்பூப் படம். ஃபர்கெட் மீ நாட் என்று போட்டிருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. நீலப்பூ என்று வைத்துக்கொண்டோம்.

"அங்கயும் நம்ம மலையாட்டத்தான் குளிருமாங்ணா. ஊட்டுக்கு ஊடு இதுதான் பூத்துக் கெடக்குமாம். இங்க மட்டும் வராதுங்களா?" என்று என்னிடம் கேட்டாள் கோகிலா.

"வந்து என்ன ஆவப் போகுது? அந்த எடத்துல நாலு குச்சிக்கெழங்கு நட்டீன்னா லாரியிலயாவது ஏத்தலாம்."

"லாரியில ஏத்தறதுக்குக் காடு பூரா கெழங்கு கெடக்குதுங்ணா. கண்ணுக்குன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?"

சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தாள். காபி விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளே பறித்து, காயவைத்து, வறுத்து இடித்த கொட்டை. அதைக் குடித்துக்கொண்டே அவளை எதிர்த்துப் பேச என்னால் முடிந்ததில்லை.

அவள் விதைத்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தகராறு முழுக்க அதைப் பற்றித்தான். வீட்டுக்குப் பின்னால் பாறையடியில் ஒரு துண்டு நிலம். அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் அது உண்ணிச்செடியும் கல்லுமாகக் கிடந்தது. பாம்புக்குப் பயந்து ஒருத்தரும் கால் வைக்கமாட்டோம். பாறைக்குக் கீழே ஈரம் கசிவதைக் கண்டவள் அவள்தான். புதரை வெட்டி, கல்லைப் பெயர்த்து, கசிவு வந்த இடத்தில் குழி தோண்டி, சுற்றிலும் கல் அடுக்கினாள். அவள் மாமனார் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். முதலில் கலங்கலாக வந்த தண்ணீர் ஒரு மழைக்காலம் போனபிறகு தெளிந்துவிட்டது. சித்திரையில் ஊர்த்தொட்டி வறண்டு நாங்களெல்லாம் குடத்தோடு ஓடைக்கு இறங்கும்போது, அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் இருக்கும். குழியைச் சுற்றி அவரையும் மிளகாயும் கீரையும் போட்டாள். புருஷன் மாதக்கணக்கில் எங்கோ வடநாட்டில் கிடக்க, பொழுதோடு வேலை முடிந்து வந்தால் அவள் போய் நிற்கிற இடம் அதுதான்.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு நாளில் நீலப்பூவை விதைத்தாள். கருகருவென்று மினுங்கும் பொடி விதை. கீரை விதைக்குச் செய்வதுபோல மணலோடு கலந்து தூவி, சல்லடையில் சலித்த எருவால் மெல்ல மூடினாள். அது முளைக்காமல் கிடந்து அவள் உயிரை வாங்கியது. முளைத்ததும் நத்தை வந்தது. நத்தைக்குச் சாம்பல் தூவினாள். இலையைத் தொட்டால் சொரசொரவென்று, எலிக்காது போல முடி முடியாய் இருந்தது. "களைச்செடியப் போயி நாத்து எடுத்து நடறா பாரு" என்று ஊரே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே நட்டாள்.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று கோகிலாவுடையது. இன்னொன்று பிரேமின் அண்ணன் ராசப்பனுடையது; அவன் மனைவி சுகந்தி. போன ஆடியில் அவர்கள் அப்பா காலமானார். கருமாதி முடிந்த கையோடு பாகம் பிரிக்கிற பேச்சு வந்துவிட்டது.

ராசப்பனைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவர்கள் மேல்காட்டில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்து உச்சியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டவன் அவன். அதற்குப் பிறகு மரம் ஏற முடியவில்லை. கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு ரூம் கட்டிவிட்டால் உட்கார்ந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ரூம் என்றால் பாத்ரூம் வேண்டும், பாத்ரூம் என்றால் தண்ணீர் வேண்டும். அவன் கண் பாறையடித் துண்டின்மேல் விழுந்தது அப்படித்தான்.

எங்கள் பக்கம் பாகம் பிரிப்பது ஊர்க்கயிறு போட்டுத்தான். ஆபீஸ், பதிவு எல்லாம் அப்புறம். ஊர்க்கவுண்டர் கயிறு கொண்டுவருவார். ஒரு முனையை அண்ணன் பிடிப்பான், மறுமுனையைத் தம்பி பிடிப்பான். பின்கொல்லையில் தொடங்கி வாசலில் முடிப்பார்கள். தம்பி வரவில்லை என்றால் இரண்டு முனையும் அண்ணன் கையில். அவன் முளையடித்ததுதான் எல்லை, பிறகு வந்து கத்திப் பிரயோசனமில்லை. பொம்பளைகள் கயிற்றைத் தொடுகிற வழக்கமே கிடையாது.

கோகிலா பிரேமுக்குப் போன் மேல் போன் போட்டாள். "தை பொறந்ததும் வாரேன்" என்றான். தை பிறந்தது. கேழ்வரகு அறுத்து அடித்து உள்ளே போனது. பிரேமைக் காணோம். ஊர்க்கவுண்டர் அருணாசலம் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். கோகிலா சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தத் துண்டு போய்விட்டால் அவளுக்கென்று வேறொன்றும் மிஞ்சாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறக்க யாருக்கு உரிமை? ராசப்பன் முளைக்குச்சிகளோடு முன்னால் நடந்தான். அருணாசலம் வீட்டைச் சுற்றிப் பின்னால் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குழியைச் சுற்றி நிழல்பக்கம் முழுக்க நீலம். மொட்டு மட்டும் வெளிறிய ரோஸ் நிறம். விரிந்ததெல்லாம் நல்ல நீலம், நடுவில் மஞ்சளாய் ஒரு பொட்டு. அதற்கு முன் சிரித்தவன் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அழகாக இருந்தது, சொன்னால் என்ன.

"இதென்ன அம்மிணி?" என்றார் அருணாசலம்.

"நீலப்பூங்க."

"தானா மொளச்சுதா?"

"இல்லீங்க. நாந்தான் வெதச்சேன்."

"எரு போட்டயா?"

"போட்டனுங்க. நாத்து எடுத்து நட்டேன். களையும் எடுத்தேன்."

"தண்ணி?"

"தெனமும் ஊத்தறனுங்க."

அருணாசலம் கயிற்றைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. "அப்பறமென்ன ராசப்பா? வெள்ளாமை பூத்து நிக்குது. பூத்த கொல்லையில கயிறு விழுந்தா குடும்பத்துக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அது எங்கள் வழக்கம். சாமை பூத்திருந்தாலும் சரி, மொச்சை பூத்திருந்தாலும் சரி, பூவோடு நிற்கிற வெள்ளாமைமேல் பாகக்கயிறு விழக்கூடாது. ஆனால் இப்படி ஒரு வெள்ளாமையை நாங்கள் கண்டதில்லை.

ராசப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏனுங்க, இதெல்லாம் ஒரு வெள்ளாமையாங்க? திங்க முடியுமா, விக்க முடியுமா?"

"திங்கறதுதான் வெள்ளாமைன்னு ஆரு சொன்னது? செண்டுமல்லி போடறமே, அதத் திங்கவா போடறோம்?"

"அத விக்கறமுங்களே!"

"இந்தாப்பா, வெதச்சு, எரு வெச்சு, களையெடுத்து, தண்ணி ஊத்துனா அது வெள்ளாமை. வெதச்சது இவ. வெள்ளாமை இவளுது. நீயுந் தொடக்கூடாது, நானுந் தொடக்கூடாது. பூ முடியட்டும், சொல்லியனுப்பு, வாரேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். பின்கொல்லை நின்றால் மொத்தப் பாகமும் நின்றமாதிரிதான். கோகிலா குடத்தை எடுத்துக்கொண்டு பூவுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. தினமும் விடிந்ததும் ராசப்பன் பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பின்னால் போய் எட்டிப் பார்ப்பான்.

"இன்னும் இருக்குதா அந்தக் கெரகம்?" என்று இங்கிருந்து கத்துவேன்.

"நேத்தைக்கு விட இன்னைக்கு ஜாஸ்தி மாப்ளே" என்று நொந்துகொண்டு திரும்புவான்.

ஒரு கைவீச்சில் பிடுங்கிப் போட்டிருக்கலாம். செய்யமாட்டான். அடுத்தவர் வெள்ளாமையைத் தொட்டவன் என்ற பேரோடு இந்த மலையில் யாரும் குடியிருக்க முடியாது.

கோகிலா காவல் காத்தாள். வாடிய கொத்தைக் கிள்ளிப் போட்டால் பக்கத்தில் புதிதாய்ப் பூக்கும் என்று யாரும் சொல்லாமலே கண்டுகொண்டாள். இலையில் வெள்ளையாய் மாவு படிந்தது. மோரைப் புளிக்கவைத்துத் தெளித்தாள். மாசியில் வெயில் உறைத்தது. சேலையைக் கிழித்துப் பந்தல் போட்டாள். பகலெல்லாம் கூலிக்கு மிளகு பறித்துவிட்டு வந்து இவ்வளவும். போனில் அவள் பேசுவது என் வாசல்வரை கேட்கும்.

"பூ இருக்கும்போதே வந்துருங்க. ஒரே ஒரு நாளு வந்து கயித்தப் புடிச்சுட்டுப் போயிருங்க. ... ஆமாங்க. ... சரீங்க. ... இதையேதான் போன வாரமும் சொன்னீங்க."

மிளகு காயவைக்க எங்களுக்கு ஒரு பொதுப்பாறை உண்டு. மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், நான் என் மிளகைக் கிண்டிக்கொண்டிருக்க, கோகிலாவும் சுகந்தியும் பக்கத்தில் மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து மணி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடுப்பு ஆனாலும் வேலை சேர்ந்துதான் செய்வார்கள்.

சுகந்திதான் ஆரம்பித்தாள். "ஏம் புள்ள, கேக்கறனேன்னு நெனச்சுக்காத. அந்தப் பூவுல அப்புடி என்னதான் இருக்குது?"

"பூவுல ஒண்ணுமில்லீங்க்கா."

"உங்க மாமன் முட்டிய நீ பாத்திருக்கறயா? பொழுது எறங்குனா வீங்கிப்போவுது. எண்ணெ தேச்சு தேச்சு என்ற கையி மரத்துப்போச்சு. இன்னமும் அவரு ஏணியில ஏறோணுமா?"

"நான் அப்புடிச் சொல்லுவனாங்க்கா?"

"ரெண்டு ரூமக் கட்டிப்புட்டா மானமாப் பொழைக்கலாம்னு நெனைக்கறாரு. அது தப்பா?"

"தப்பில்லீங்க்கா. ரூம வாசப்பக்கம் கட்டலாமில்ல? ரோடு அங்கதான இருக்குது?"

"தண்ணிக்கு?"

"தண்ணி நான் தரமாட்டேன்னா சொன்னேன்?"

"குடுத்து வாங்கறது வேற புள்ள, சொந்தமா இருக்கறது வேற."

"அதையேதானுங்க்கா நானுஞ் சொல்றேன்."

சுகந்தி மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.  பிறகு தூக்குப்போசியைத் திறந்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். கோகிலாவுக்கு ஒரு தட்டில் போட்டு நீட்டிவிட்டு, "அண்ணா, நீங்களும் வாங்க, பாத்துக்கிட்டே நிக்கறீங்க" என்று என்னையும் கூப்பிட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கல்.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். ராசப்பன் காலையில் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான். "என்ன மாப்ளே, பூ என்ன ஆச்சு?" என்றால், "இருக்கும், இருக்கும்" என்று வேறு பக்கம் பார்ப்பான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பங்குனியில் பிரேம் வந்தான். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வழியாக வருகிற மத்தியான பஸ்ஸில், தோளில் பையோடு இறங்கினான். நல்ல பையன்தான். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். கோகிலா முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாசலுக்கும் அடுப்புக்கும் ஓடினாள். எனக்கும் சேர்த்துக் காபி வந்தது. பூ அப்போது மெலிந்துவிட்டது. பந்தல் நிழலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் தெரிந்தது. ஆனாலும் இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். காபி டம்ளரோடு நானும் பின்னால் போனேன்.

"நீங்க வாங்கியாந்த வெதைதான். உங்களுக்காகத்தான் புடிச்சு வெச்சிருக்கறேன். நாளைக்கே கவுண்டர வரச் சொல்லலாமுங்களா?"

பிரேம் பூவைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். "கோகிலா, நான் அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன்" என்றான்.

"என்னன்னு?"

"இந்தத் துண்ட நீயே எடுத்துக்கன்னு. போன மாசமே போன்ல சொல்லிட்டேன். அண்ணந்தான், நீயே வந்து உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லுன்னுட்டாரு."

ராசப்பன் எட்டிப் பார்ப்பதை விட்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அங்கிருந்து நகர்ந்திருக்கவேண்டும். காலே வரவில்லை.

"இனி லாரிக்குப் போவலாம்னு இல்ல புள்ள" என்றான் அவன். "என்னால ஆவல. முள்ளுக்குறிச்சியில ஊடு பாத்திருக்கறேன். கீழ கட்டட வேலை தெனமும் கெடைக்குது. பொழுதோட ஊட்டுக்கு வந்துருவேன். அதத்தான நீயும் கேட்டுக்கிட்டே இருந்த?"

"கேட்டேன்."

"அப்பறமென்ன?"

"ஊட்டுக்கு வாங்கன்னுதான் கேட்டேன். இந்த ஊட்டுக்கு."

 அவள் டம்ளர்களை எடுத்து ஊற்றுத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில கவுண்டர வரச் சொல்லுங்க" என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று பிரேம் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் அருணாசலம் வந்தார். ராசப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் முளைக்குச்சிகளை வைத்துக்கொண்டு நின்றான். சுகந்தி சமையலறை வாசலில் நின்றாள். அருணாசலம் பாத்தியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னம் பூ இருக்குதேப்பா" என்றார்.

"இருந்தாப் பரவாலீங்க" என்றான் பிரேம். "இந்தத் துண்ட நான் அண்ணனுக்கே விட்டுர்றனுங்க. கயிறே வேண்டாமுங்க."

கோகிலா பந்தலுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மடியை விரித்துக்கொண்டு பூவைப் பறிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கொத்தாக, மொட்டைக்கூட விடாமல் பறித்தாள். ஐப்பசியிலிருந்து அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. விதைத்தவள் அறுக்கிறாள், என்ன சொல்லித் தடுப்பது?

முடித்துவிட்டு எழுந்து அருணாசலத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ளாமை என்னுதுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. அறுத்துட்டனுங்க. இப்பக் கயித்தப் போடுங்க. ஒரு முனைய நான் புடிக்கறேன்."

"அதெப்புடி அம்மிணி? பொம்பளை கயிறு புடிக்கறது நம்ம நாட்டுல இல்லியே."

"பொம்பளை வெதச்சா வெள்ளாமை அவளுதுன்னு சொன்னது நீங்கதானுங்களே? வெள்ளாமை என்னுதுன்னா, அதுக்குக் கீழ இருக்கற மண்ணு ஆருதுங்க?"

அருணாசலம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். 

"கோகிலா, நாந்தான் நேத்தைக்கே சொன்னனே..." என்று பிரேம் ஆரம்பித்தான்.

"நீங்க வேண்டாம்னது உங்க பாகத்த. இந்தக் குழியத் தோண்டுனது நானு. மேல்காட்டு மொளகு மரத்துல நம்ம பாதியயும் மாமா எடுத்துக்கட்டும். அவரால ஏற முடியாது, நான் ஏறிப் பறிச்சுத் தர்றேன். ரூமு வாசப்பக்கம் கட்டட்டும், இங்கருந்து பைப்பு போட்டுக்கட்டும், அதையும் எழுதியே தர்றேன். இந்தத் துண்டு மட்டும் என் பேருக்கு வேணும்."

"கீழ நான் ஊடு பாத்துட்டு வந்திருக்கறனே புள்ள?"

"முள்ளுக்குறிச்சிக்கும் இங்கயும் பஸ்ஸு ஓடுது. நீங்க எப்ப வந்தாலும் சோறு இருக்கும்." அவள் பூ இருந்த மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் இங்கதான் இருப்பேன்."

பிரேம் தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி வாசலைவிட்டு இறங்கி வந்து கோகிலாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அருணாசலமும் அவனைத்தான் பார்த்தார். பாகத்தில் அண்ணன் வாய்ச்சொல்தான் முதல்.

ராசப்பன் அந்தக் குழியைப் பார்த்தான். பிறகு நொண்டி நொண்டி வந்து, அருணாசலத்தின் தோளிலிருந்து கயிற்றுச் சுருளைத் தானே உருவினான். ஒரு முனையைக் கோகிலாவின் பக்கம் வீசினான். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடிக்க, மடியிலிருந்த பூவெல்லாம் காலடியில் கொட்டியது. அவன் மறுமுனையோடு பாறைவரை போய்த் திரும்பி நின்றான்.

"தொங்குது பாரு கண்ணு. நல்லா இழுத்துப் புடி" என்றான்.

கோகிலா முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.